மேல்முகம் ஒன்று, அடிமுகம் ஒன்று

"அக்கா, சாகறதா இருந்தா இங்கே வந்து சாகணும். நல்லா அமுக்கி, தாள்ல ஒட்டி, பேரெழுதி, அந்துருண்டை போட்டு அலமாரியில வெச்சிடுவாங்க. சொந்தக்காரங்க தொல்லையே இல்ல" என்றான் தத்தானோ.

மிந்தோனியா கொர்ரியாஸ் சிரிக்கவில்லை. சாசரி நகரத்துப் பல்கலைக்கழகத்தின் மேல்மாடியில், உலர்ந்த செடிகளைப் பாதுகாக்கும் அந்த நீளமான அறையில், அவள் கண் முழுக்க ஒரு பெண்மணியின் முதுகின்மேல் இருந்தது. காப்பகப் பொறுப்பாளர் டாக்டர் ஸ்பெரான்ஸா தெஸ்ஸேனா பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு குனிந்தவர் குனிந்தபடியே இருந்தார். அவருக்கு முன்னால் இரண்டு கண்ணாடிச் சில்லுகள். அவற்றுக்கு நடுவில் இரண்டு ஓக் இலைகள்.

அந்த இலைகள் வந்த வழி அந்தியோகோ மூலஸின் ஸ்வெட்டர்.

மூலஸ், மலையடிவாரத்து ஊர் ஒன்றில் மருந்துக்கடை வைத்திருப்பவர், கால் தாங்கி நடப்பவர். தவக்காலம் தொடங்கிய வாரத்தில், கடையின் இரும்புக் கதவை இழுத்து மூடிக்கொண்டிருந்தவரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். இத்தாலியின் சார்தீனியாத் தீவில் ஆள் கடத்தல் என்பது ஆலங்கட்டி மழை மாதிரி. எந்த வீட்டுக் கூரையில் விழும் என்று யாரும் கேட்பதில்லை. போலீஸிடம் போகக் கூடாது என்று மனைவி பொனாரியா முடிவெடுத்துவிட்டாள். பக்கத்து ஊரில் போன வருஷம் மலையைப் போலீஸ் வளைத்தபோது, கீழே வந்து சேர்ந்தது பிணம்தான். அதனால் குடும்ப நண்பர் போரே லிக்கேரி கடத்தல்காரர்களுக்கும் குடும்பத்துக்கும் நடுவில் நின்று பணயத்தொகை பேசிக்கொண்டிருந்தார். மூலஸின் மகளுக்கு ஞானத்தகப்பன். அந்த உறவில் பொனாரியா அவரைக் கூப்பிடுவது 'கொம்பாரே', அவர் அவளைக் கூப்பிடுவது 'கொமாரே'. நிலம் அளக்கிறவர், மலையெல்லாம் அத்துப்படி. அவர்தான் செய்தி கொண்டு போவார், செய்தி கொண்டு வருவார். ஈஸ்டர் முடிந்து, ஆள் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு அத்தாட்சியாக அந்த ஸ்வெட்டரை வாங்கி வந்தவரும் அவர்தான்.

அப்புறம்தான் பொனாரியா யாருக்கும் தெரியாமல் நுவோரோ நகரத்துக்கு பஸ் ஏறி, மிந்தோனியாவின் ஒற்றை அறை ஆபீசுக்கு வந்து, கைப்பையிலிருந்து ஸ்வெட்டரை எடுத்து மேசையில் வைத்தாள். மிந்தோனியா இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காகப் பொய்த் தீ விபத்துகளைத் துப்பறிந்து பிழைப்பவள். ஆள் கடத்தல் அவளுக்குப் புதிது. உதவியாளன் தத்தானோ, பயணிகளோடு பேசிப் பேசியே நிறுத்தங்களைத் தாண்டிப் போனதால் வேலை போன பஸ் டிரைவர். அவனுக்கு எதுவுமே புதிதில்லை, அவன் சொல்கிறபடி பார்த்தால்.

டாக்டர் தெஸ்ஸேனா நிமிர்ந்தார்.

"இது எங்கே கிடைச்சுது?"

"ஒரு ஸ்வெட்டரோட கை மடிப்புக்குள்ள" என்றாள் மிந்தோனியா. "ஆடு மேய்க்கிற எங்க பெரியப்பாகிட்ட காட்டினேன். தக்கை ஓக்குன்னார். பக்கத்துல இருந்தவர் மலை ஓக்குன்னார். ரெண்டு பேரும் இன்னிவரைக்கும் பேசிக்கிறதில்ல."

"ரெண்டு பேரும் பாதி சரி." டாக்டர் இரண்டு தாள்களை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார். "இது தக்கை ஓக். நடு நரம்பு நெளிஞ்சு நெளிஞ்சு போகும். இது மலை ஓக். நரம்பு ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி இருக்கும். உங்க இலையைப் பாருங்க. பாதி தூரம் நேரா போகுது. அப்புறம் நெளியுது."

"எங்க மாமா மாதிரி" என்றான் தத்தானோ. "சாராயக்கடை வர்ற வரைக்கும் நேராத்தான் நடப்பார்."

"ரெண்டுக்கும் பொறந்த கலப்பு இது. யாரும் நடறதில்ல, காட்டுல தானா உண்டாகும். ரொம்ப அபூர்வம்." டாக்டர் அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு மெலிந்த உறையை எடுத்து வந்தார். "கலப்பு மரம் ஒவ்வொண்ணும் தனி ஆளு. அப்பன் மூக்கும் ஆத்தா தாடையும் எப்படி வந்து சேரும்னு யாராலயும் சொல்ல முடியாது. அதனால ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது."

அவர் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒன்றில் இலை மிக அகலம். ஒன்றில் மிகச் சிறிது. அடுத்த தாளில் அவர் விரல் நின்றது. காய்கள் தொங்கும் ஒரு கிளை, பழுப்பேறிய தாளில் படுத்திருந்தது. அதன் இலைகளுக்கு ஒரு பக்கம் மட்டும் முள் முள்ளாகப் பல். மறுபக்கம் வழவழப்பு. கண்ணாடிச் சில்லில் இருந்த இலைகளுக்கும் அப்படியே.

"ஒரே மரம்" என்றார் டாக்டர். "சகோதரம்கூட இல்ல. அதே ஆள்."

டாக்டர் மறுபடியும் கண்ணாடிச் சில்லைக் கையில் எடுத்தார்.

"ஒண்ணு கேக்கறேன். இந்த இலைகளை நீங்களா இப்படி வெச்சீங்க?"

"இல்ல. மடிப்பைப் பிரிச்சப்போ எப்படி இருந்துச்சோ, அப்படியே எடுத்தேன்."

"ஒண்ணு மேல்முகம் காட்டுது. ஒண்ணு அடிமுகம் காட்டுது. காம்பு ரெண்டும் ஒரே பக்கம்." டாக்டரின் குரல் தாழ்ந்தது. "தானா விழுந்த இலை இப்படிப் படுக்காது. அழகுக்கு வெக்கறவங்க ரெண்டையும் பளபளப்பான பக்கமாத்தான் வெப்பாங்க. அடியில இருக்கற ரோமமும் தெரியணும்னு ஒண்ணைத் திருப்பி வெக்கறது எங்க தொழில்காரங்க வழக்கம். இதை வெச்சது செடி சேகரிச்ச கை."

"டாக்டர், அந்தத் தாள்ல யார் சேகரிச்சதுன்னு போட்டிருக்கா?"

கீழ் மூலையில் ஒட்டியிருந்த சீட்டை டாக்டர் வாசித்தார். "கொர்வு மலை, வடக்குச் சரிவு, குகைவாய்க்கு மேலே, தனி மரம். வருஷம் ஐம்பத்தெட்டு. சேகரித்தவர்..." அவர் நிறுத்திவிட்டு மிந்தோனியாவைப் பார்த்தார். "அந்தியோகோ மூலஸ்."

தத்தானோ எட்டிப் பார்த்து, அந்தப் பெயரைத் தானும் ஒரு தரம் வாசித்தான்.

இருபது வருஷத்துக்கு முன் தான் கண்டுபிடித்த மரத்தின் அடியிலேயே அந்த மனிதர் கட்டுண்டு கிடந்தார். அதை ஊருக்குச் சொல்ல, அவரிடம் அந்த மரத்தைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

கிளம்பும் முன் மிந்தோனியா கீழே வந்து பொனாரியாவுக்கு போன் போட்டாள்.

"நல்ல சேதிதான்னு நினைக்கிறேன். நேர்ல வந்து சொல்றேன். இலையைப் பத்தி யார்கிட்டயும் மூச்சு விடலயே?"

"யார்கிட்டயும் சொல்லலம்மா. வெளி மனுஷங்க யார்கிட்டயும்" என்றாள் பொனாரியா.

அந்தக் கடைசிச் சொற்களை மிந்தோனியா காதில் வாங்கினாள். மனதில் வாங்கவில்லை. அதற்காக அவள் பின்னால் தன்னைத் திட்டிக்கொண்டது கொஞ்சமல்ல.

மறுநாள் காலை கொர்வு மலையில் மூடுபனி. சமையலுக்குத் தண்ணீர்விட்டான் தளிர் பறிக்கிற பருவம். கூடையோடு மலையேறுகிறவர்களை யாரும் ஏனென்று கேட்பதில்லை. ஃபியட் காரைக் கீழே விட்டுவிட்டு, இருவரும் தளிர் பறிப்பதுபோல் குனிந்து குனிந்து ஏறினார்கள். பார்ப்பது, திரும்புவது, அவ்வளவுதான் திட்டம். கையில் ஆயுதம் கிடையாது.

"யாராவது கேட்டா நாம புருஷன் பொண்டாட்டின்னு சொல்லிடலாமா அக்கா?"

"அடிமை, எஜமானின்னு சொல்லு. நம்புவாங்க."

"ரெண்டும் ஒண்ணுதானே" என்று முணுமுணுத்தபடி தத்தானோ ஏறினான்.

மரம் பனிக்குள்ளிருந்து திடீரென்று வந்து நின்றது. பள்ளத்தை நோக்கிச் சாய்ந்த தனி மரம். இரண்டு ஆள் உயரத்துக்குக் கிளையே இல்லை. தத்தானோ பேனாக்கத்தியால் பட்டையைக் கீறினான். தக்கை மாதிரி கிளம்பியது, உடனே பொடிந்து உதிர்ந்தது.

"பாட்டிலுக்கு மூடிகூட ஆகாது. ஏன் யாரும் இதை உரிக்கலன்னு இப்பத்தான் புரியுது."

மிந்தோனியா கீழே சரிவில் இறங்கி, புதர் மறைத்த குகைவாயை அடைந்தாள். காது கொடுத்துக் கேட்டாள். சத்தமே இல்லை. உள்ளே ஊர்ந்து போனாள்.

குகை காலியாக இருந்தது.

பாறையில் ஓர் இரும்பு வளையம் அடித்திருந்தது. அதைச் சுற்றிச் சங்கிலி தேய்த்த வெள்ளைத் தடம். மிதிபட்ட வைக்கோல். ஆடு மேய்ப்பவர்கள் கட்டிக்கொண்டு போகும் மெல்லிய, மொறுமொறுப்பான கராசாவு ரொட்டியின் உடைந்த துண்டுகள். சாம்பலில் கையை வைத்தவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். சூடு இன்னும் இருந்தது.

"நேத்து ராத்திரி வரைக்கும் இங்கதான் இருந்திருக்காரு" என்றாள்.

குகைக்குள் காற்று கொண்டுவந்து கொட்டிய சருகுகள் முழங்கால் உயரம் கிடந்தன. எல்லாம் கீழ்ச்சரிவுக் காட்டின் மலை ஓக் இலைகள். ஒரு பிடி அள்ளினாள், இன்னொரு பிடி அள்ளினாள். அந்தத் தனி மரத்தின் இலை ஒன்றுகூட அகப்படவில்லை. வெளிச்சம் எட்டாத அந்த மூலையில், சங்கிலி விட்ட தூரத்துக்குள், கட்டைவிரலால் நரம்பைத் தடவித் தடவி அவர் தேடியிருக்க வேண்டும். நேராகப் போய் நெளிகிற இரண்டு இலைகள் கிடைக்கும்வரை. எத்தனை நாள் தேடினாரோ. அந்த உழைப்பெல்லாம் ஒரு ராத்திரியில் வீணாகப் போயிருந்தது.

வெளியே வந்தபோது தத்தானோ மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவள் முகத்தைக் கண்டதும் தேற்றுவதற்காகவோ என்னவோ, வழக்கம்போல் ஆரம்பித்தான்.

"நம்ம பஸ் டிப்போ பூனைகூட இதுல ஏறாது அக்கா. மருந்துக்கடைக்காரருக்குச் சின்ன வயசுலயே போலியோ வந்து கால் சூம்பிப் போச்சு. உச்சிக் கிளையைக் காயோட ஒடிக்க றெக்கை கட்டிக்கிட்டா போனாரு?"

மிந்தோனியா அப்படியே நின்றாள்.

"இன்னொரு தரம் சொல்லு."

"எதை? பூனையையா?"

"அவர் ஏறலடா. அவரால ஏற முடியாது. கூட வந்த யாரோ ஏறியிருக்கான். இந்த மரத்தையும் குகையையும் அவரைத் தவிர அந்த ஒருத்தனுக்குத்தான் தெரியும்."

தத்தானோ கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடவே ஆரம்பித்துவிட்டான்.

பொனாரியா சமையலறையில் இருந்தாள். அவர்கள் நுழைந்த வேகத்தைப் பார்த்து எழுந்து நின்றாள். மிந்தோனியா உட்காரக்கூட இல்லை.

"உங்க வீட்டுக்காரர் இளவயசுல மலைக்குப் போயி செடி சேகரிப்பாராமே. மரத்துல ஏறணும்னா யார் ஏறுவாங்க?"

"கொம்பாரேதான். வேற யாரு?" பொனாரியாவின் முகத்தில் பல வாரங்களுக்குப் பிறகு ஒரு சிறு மலர்ச்சி. "லிக்கேரி குரங்கு மாதிரி ஏறுவார். இவர் கீழ நின்னுக்கிட்டு, அந்தக் கிளை இல்லடா, பக்கத்துக் கிளை, காய் உதிராம வெட்டுடான்னு கத்துவார். கல்யாணமான புதுசுல நானும் ஒரு தரம்..."

"இலையைப் பத்தி அவர்கிட்ட சொன்னீங்களா?"

"அவர் என்ன வெளி மனுஷரா? நேத்து நீங்க சாசரிக்குக் கிளம்பினப்பவே..."

பொனாரியாவின் கை மேசை விளிம்பைப் பிடித்தது. அவள் மிந்தோனியாவைப் பார்த்தாள், தத்தானோவைப் பார்த்தாள்.

வாசலில் ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டது.

போரே லிக்கேரி மிதியடியில் செருப்பின் சேற்றை நன்றாகத் தேய்த்துவிட்டு உள்ளே வந்தார். நரைத்த மீசை, சாந்தமான கண்கள். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சேதி நல்லா இல்ல, கொமாரே" என்றார் பொனாரியாவிடம். "அவரை இடம் மாத்திட்டாங்களாம். யாரோ மோப்பம் பிடிக்கறாங்கன்னு அவங்களுக்குத் தெரிஞ்சு போச்சு." பிறகு மிந்தோனியாவின் பக்கம் திரும்பினார். "தளிர் நல்லா கிடைச்சுதா அம்மா? இந்த வருஷம் கொர்வு மலையில நிறையன்னு கேள்விப்பட்டேன்."

கூடை காரில் இருந்தது. காரின் பின்பெட்டி பூட்டியிருந்தது. அவர் அதைப் பார்த்திருக்க வழியே இல்லை.

தத்தானோ கதவை மறித்து நின்றான். "அக்கா, ஒரு வார்த்தை சொல்லுங்க. இந்த ஆளைக் கட்டி பின்சீட்டுல போட்டு, நேரா போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல இறக்கிடறேன். டிக்கெட்டும் கேக்க மாட்டேன்."

லிக்கேரி அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இவர் எதைப் பேசறார்னு எனக்குப் புரியல. சரி, ஒரு பேச்சுக்கு வெச்சுக்குவோம். இப்படி ஒரு ஆளு இருக்கான். அவனைக் கொண்டு போய் உள்ள போடறீங்க. அவன் வாயே திறக்கல. கூட்டாளிங்க எல்லாம் கூலிக்கு வந்த பயந்தாங்கொள்ளிங்க. சேதி கேட்ட நிமிஷமே கடலைத் தாண்டிடுவாங்க." தொப்பியிலிருந்த ஒரு தூசியைச் சுண்டிவிட்டார். "மலையில எங்கயோ ஒரு மனுஷன் சங்கிலியோட உக்காந்திருப்பான். தண்ணி வரும்னு காத்துக்கிட்டே இருப்பான். அதுக்கப்புறம் அவனுக்கு யார் தண்ணி குடுப்பா?"

மிந்தோனியா வழிகளை ஒவ்வொன்றாக மனதுக்குள் தட்டிப் பார்த்தாள். பின்தொடரலாமா? இவர் ஒரு வாரம் அந்தப் பக்கமே போகாமல் நிலம் அளந்துகொண்டிருப்பார். அந்த ஒரு வாரம் அங்கே ஒருவர் தாகத்தோடு கிடப்பார். அடித்துக் கேட்கலாமா? அந்தக் கண்களைப் பார்த்தால், இவர் அடி வாங்கி அசருகிற ஆளில்லை என்று தெரிந்தது. போலீஸ்? அதற்கான பதிலை இவரே சொல்லிவிட்டார். துப்பு துலங்கிவிட்டது. குற்றவாளி கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். தொடத்தான் முடியவில்லை.

"தத்தானோ" என்றாள். "வழியை விடு."

"அக்கா!"

"வழியை விடுடா."

அவன் ஒதுங்கினான்.

இவ்வளவு நேரமும் பொனாரியா அசையவில்லை. இப்போது அவள் திரும்பி, அடுப்பில் காபியை வைத்தாள். அது கொதித்து வந்ததும் கோப்பையில் ஊற்றி, சர்க்கரை போட்டுக் கலக்கி, லிக்கேரியின் முன்னால் வைத்தாள். பிறகு அலமாரியைத் திறந்து ஒரு சின்னப் பாட்டிலை எடுத்தாள்.

"இது அவரோட இதய மருந்து. காலையிலயும் சாயங்காலமும் பத்துச் சொட்டு. கசக்குதுன்னு துப்பிடுவார். சர்க்கரைத் தண்ணில கலந்து குடுக்கச் சொல்லுங்க." பாட்டிலைத் துணியில் சுற்றினாள். "இருமல் எப்படி இருக்காம்?"

"குறைஞ்சிருக்காம்னு கேள்வி" என்றார் லிக்கேரி.

"குளிர்ல படுக்க வெக்காதீங்கன்னு சொல்லுங்க."

"சொல்றேன்."

"நேத்து மகள் போன் பண்ணினா. ஞானத்தகப்பன் அப்பாவைக் கூட்டிட்டு வந்திடுவார்னு தினம் உங்களுக்காக ஜெபம் பண்றாளாம்."

லிக்கேரியின் கோப்பை பாதி வழியில் நின்றது. அவர் முதல் தடவையாகத் தலையைக் குனிந்தார். ஆனால் காபியைக் குடித்து முடித்தார். துணிச்சுருளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

வெளியே மழை பிடித்திருந்தது. ஊரிலிருந்து இறங்குகிற சாலை பள்ளத்தாக்கின் விளிம்பில் வளைந்து வளைந்து போகும். குளிர்காலத்தில் லாரி ஒன்று உருண்டு விழுந்த இடத்தில் தடுப்புச்சுவர் இன்னும் கட்டப்படவில்லை. பொனாரியா தலையில் சால்வையைப் போட்டுக்கொண்டு ஜீப் வரைக்கும் கூடவே போனாள்.

"மெதுவா போங்க, கொம்பாரே. ரோடு வழுக்கும்."

அவளுடைய குரலில் நடிப்பு கொஞ்சமும் இல்லை என்பதை மிந்தோனியா உணர்ந்தாள்.

ஜீப் முதல் வளைவில் திரும்பியது. இரண்டாவது வளைவில் பின்சக்கரம் லேசாக வழுக்கியபோது மூன்று பேரும் மூச்சைப் பிடித்தார்கள். நிதானித்துக்கொண்டு ஜீப் மேற்கொண்டு இறங்கிப் போனது. பக்கத்தில் தத்தானோவின் உதடுகள் அசைவதை மிந்தோனியா கண்டாள்.

"என்னடா முணுமுணுக்கற?"

"வேண்டிக்கிறேன் அக்கா." அவன் முகத்தில் மழை வழிந்துகொண்டிருந்தது. "அந்த ஆளுக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னு."

வேடிக்கைக்காகச் சொல்கிறானா என்று அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவளும் சாலையின் பக்கம் திரும்பி, சிவப்பு விளக்கு மறைகிறவரை அதையே வேண்டிக்கொண்டு நின்றாள்.